குறளை அலகிட்டால் கவிதை தெரியுமா?

வெள்ளவத்தை வாசகி:
மகள் சாதாரண தரம் படிக்கிறாள். ரியூஷனில் வான்சிறப்பின் 12ஆம் குறளை அலகிடக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது ஒவ்வொரு சீரையும் அசையாகப் பிரித்து அதன் வாய்பாட்டைச் சொல்ல வேண்டும்.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

தேமாங்காய், தேமாங்காய் என்று ஒப்புவிக்கிறாள். உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்து, தானும் உணவாவது மழை. இந்தப் பொருளைக் கேட்டால் விழிக்கிறாள். நேர், நிரை என்று அசை பிரிப்பது வெறும் கணக்கு வேலை. கவிதை அதில் செத்துப்போகிறது.

கொட்டாஞ்சேனைக் குமரன்:
அக்கா, அந்தத் தேமாங்காயை விட்டால் இந்தக் குறளின் அழகைச் சொல்லவே முடியாது. முதல் ஐந்து சீரும் தேமாங்காய், அதாவது நேர் நேர் நேர். காய்ச்சீரை அடுத்து நேர் வந்து வந்து, வெண்சீர் வெண்டளை என்ற சீர்ப் பிணைப்பு ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஐந்திலும் இரண்டாம் எழுத்து 'ப்', எதுகை விடாமல் அடிக்கிறது. ஆறாவது சீர் 'தூஉம்', நேர் நேர் என்ற தேமா. 'ப்' போய்விட்டது, து-தூ மோனை மட்டும் மிச்சம், குரல் நீள்கிறது. அப்புறம்தான் 'மழை', ஒரே நிரையசையாக, மலர் என்ற வாய்பாட்டில். இவ்வளவு நேரம் எதைப் பற்றிப் பேச்சு என்பதே கடைசிச் சீரில்தான் தெரிகிறது!

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, அந்த நீட்டம் சத்தமாக வாசித்தாலே கேட்கும். வாய்பாடு எதற்கு? அதோடு, 'துப்பாயதூஉம்' ஒரே சொல். அதை வெட்டி இரண்டு சீராக்கியிருக்கிறது, வகையுளி. சொல்லைப் பிளப்பது எப்படி நயமாகும்?

கொட்டாஞ்சேனைக் குமரன்:
குறள் வெண்பாவின் இரண்டாம் அடிக்கு மூன்று சீர் வேண்டும், அக்கா. 'தூஉ' என்று நீளும் அளபெடையை எடுத்துவிட்டு 'துப்பாயதும் மழை' என்று எழுதிப் பாருங்கள். இரண்டு சீர்தான் தேறும். அதிலும் 'துப்பாயதும்' நேர் நேர் நிரை, தேமாங்கனி; இப்படி நிரையில் முடியும் மூவசைக் கனிச்சீர் வெண்பாவுக்கு ஆகாது. 'தும்' என்பதைத் தனியே நிறுத்தினால் ஓரசைச் சீர், அது வெண்பாவின் ஈற்றில்தான் நிற்கும். நீங்கள் காதால் கேட்ட நீட்டம் அங்கே வந்ததற்குக் காரணம் இதுதான்.

பம்பலப்பிட்டி ரீச்சர்:
நான் வகுப்பில் முதலில் வாசித்துப் பொருள் சொல்லிவிட்டு, 'துப்பாயதும் மழை' என்று கரும்பலகையில் எழுதி, எங்கே உடைகிறது என்று கேட்பேன். பிள்ளைகள் தாங்களே அலகிட்டுப் பிடித்துவிடுவார்கள். வாசிக்கும்போது மட்டும் சொல்லைச் சேர்த்தே வாசிக்க வேண்டும், அதில் வாசகி சொல்வது சரி.

வெள்ளவத்தை வாசகி:
இந்த ஒழுங்கு எனக்குச் சம்மதம், ரீச்சர். ஆனால் மகளின் கொப்பியில் ஏழு வாய்பாடும் இருக்கின்றன, பொருளுக்கு ஒரு வரி இல்லை. அடுத்த வகுப்பன்று நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.