மூச்சை எண்ணாமலே 20 என்று எழுதும் மாணவிகளுக்குத் தொழில்நேர்மையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: செவிலியர் கல்லூரிப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டுகளாகப் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளைப் பொது மருத்துவ வார்டுக்குப் போஸ்டிங் அழைத்துச் சென்றிருந்தேன். காலை எட்டரை மணிக்கு, உடல் வெப்பம், நாடி, சுவாசம் ஆகியவற்றைப் பதியும் டி.பி.ஆர். சார்ட்டைப் பார்த்தபோது, ஒரு மாணவி எழுதிய பதினான்கு பேருக்கும் சுவாச எண்ணிக்கை 20 என்றே இருந்தது. அவர்களில் ஒருவர், படுக்க முடியாமல் இரண்டு தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்த முதியவர். அவர் அருகில் நின்று ஒரு நிமிடம் முழுதும் எண்ணினேன், 32 வந்தது. உடனே பணி மருத்துவருக்குச் சொல்லி ஆக்சிஜன் வைத்தோம்.

மாணவியைக் கேட்டபோது, "ஸ்டாஃப் சிஸ்டரும் அப்படித்தான் மேடம் எழுதுகிறார்கள்" என்றாள். எனக்குக் கோபம் வந்து, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் சார்ட்டில் 18, 22, 20, 16 என்று எண்கள் மாறி மாறி இருந்தன. அவை எண்ணி எழுதியவையா, எனக்குப் பயந்து எழுதியவையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், தொழில்முறைப் பண்புகளுக்கும் அறநெறிக்கும் என்று நான்காம் பருவத்தில் 20 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த மாணவிகள் இப்போது அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். கேள்வி கேட்டால் அழகாகப் பதில் சொல்கிறார்கள். வகுப்பில் சொல்வது வார்டில் கையில் வருவதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1: அரசு மருத்துவமனை வார்டு பொறுப்புச் செவிலியர்

அந்த மாணவி சொன்ன பதிலைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள், அது உண்மை. ஒரே ஷிஃப்டில் அட்மிஷன், டிஸ்சார்ஜ், ஊசி, இன்டென்ட் (வார்டுக்கான மருந்து, பொருள் கோரிக்கை) என்று ஓடும்போது, எங்களில் பலர் சுவாசத்தை எண்ணாமல் எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால், 20 என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் நோயாளியின் நிலை மோசமாகப் போவதை, ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பல நேரங்களில் மூச்சுதான் காட்டிக்கொடுக்கிறது.

என் வார்டில் மாணவிகளுக்குப் பதினான்கு பேரைக் கொடுப்பதில்லை. ஒருவருக்கு இரண்டு நோயாளிகள்; அந்த இருவருக்கும் குளிப்பாட்டுவது முதல் மருந்து வரை எல்லாம் அவள் பொறுப்பு. நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணச் சொல்வேன்; தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும் அல்லவா? ஷிஃப்ட் முடியும்போது படுக்கையருகே நின்று, "ஐயாவுக்குக் காலையில் 24 இருந்தது, சாய்த்து உட்காரவைத்த பிறகு 20 ஆனது" என்று அவளே அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை அப்படி ஒப்படைத்த பெண், நோயாளியை 'பெட் நம்பர் ஒன்பது' என்று சொல்வதையும் தானாகவே விட்டுவிடுகிறாள்.

பதில் 2: ஓய்வுபெற்ற நர்சிங் பேராசிரியர்

சிஸ்டர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் குற்றத்தை வார்டின் மேல் மட்டும் சுமத்தக்கூடாது. மாணவிகள் செய்த செயல்முறைகளைப் பதியும் நம் லாக்புக்கை எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் செயல்முறைகள் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தால், பருவ முடிவில் மாணவிகள் வரிசையில் நிற்க, நாமும் ஒரே பேனாவால் முப்பது கையெழுத்துகளை ஒரே மூச்சில் போட்டுத் தருகிறோம். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்திடும் ஆசிரியர், எண்ணாத மூச்சை எண்ணியதாக எழுதும் மாணவியை எந்த உரிமையில் கண்டிப்பது? பணியிலிருந்த கடைசிப் பத்து ஆண்டுகளில், அன்றைய செயல்முறைக்கு அன்றே, படுக்கையருகிலேயே கையெழுத்து என்று மாற்றினேன். தொடக்கத்தில் சக ஆசிரியர்களிடம் மிகுந்த எதிர்ப்பு இருந்தது. எண்ணிக்கை குறைந்தவர்களுக்குக் கூடுதல் போஸ்டிங் போட வேண்டியிருந்தது. ஆனால் லாக்புக்கை நம்ப முடிந்தது.

இன்னொன்று: அந்த மாணவியைத் தனியே அழைத்து, பலர் முன்னிலையில் பேசியது தவறு என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். செய்த தவறு சிறியது என்று அதற்குப் பொருள் அல்ல.

பதில் 3: இறுதியாண்டு மாணவி

மேடம், மாணவியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். எங்களில் பெரும்பாலோருக்கு நோயாளியைவிட இன்டர்னல் மதிப்பெண்ணிடமும் "வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்" என்ற சொல்லிடமும்தான் பயம் அதிகம். மூன்றாம் ஆண்டில் ஒரு பாட்டிக்குக் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய பிபி மாத்திரையைக் கொடுக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு நினைவு வந்தபோது, பத்து மணி என்று டிக் போட்டுவிடலாமா என்று பேனாவோடு நின்றேன். எப்படியோ துணிந்து பொறுப்புச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதலில் வா, பாட்டியைப் பார்ப்போம்" என்று என்னை அழைத்துச் சென்று, என்னையே பிபி பார்க்கச் சொல்லி, மருத்துவரிடமும் என்னையே பேச வைத்து, மாத்திரை கொடுத்த சரியான நேரத்தை எழுதச் சொன்னார். அதன் பிறகுதான், மறந்தது எப்படி என்று கேட்டார். அன்றிலிருந்து நான் பொய்யாக ஒரு டிக் போட்டதில்லை. அவர் அன்று கத்தியிருந்தால் அடுத்த முறை நிச்சயம் மறைத்திருப்பேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்த மாணவியை அழைத்துப் பேசினேன். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மறுநாள் எழுதிய எண்களும் எண்ணி எழுதியவை அல்ல என்று தானாகவே சொன்னாள். நான் திட்டவில்லை. திங்கட்கிழமை முதல் ஒருவருக்கு இரண்டு நோயாளிகள் என்று போஸ்டிங் பட்டியலை மாற்றியிருக்கிறேன். அவளோடு முதல் நாள் நானும் கைக்கடிகாரத்தோடு நிற்கப்போகிறேன். லாக்புக் பற்றி எங்கள் முதல்வரிடம் பேச வேண்டும். அதில், நானும் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன.