50 மில்லிகிராம் சிலோஸ்டசோல் எங்கே கிடைக்கும்?

வன்னி உறவுகளே, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கத்துப் பாமசிகளில் சிலோஸ்டசோல் 50 மில்லிகிராம் குளிசை இருந்தால் சொல்லுங்கோ. காலுக்கு இரத்த ஓட்டம் குறைஞ்சு, நடக்கேக்க கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கிற ஐயா ஒருவருக்கு. வழக்கமாய் 100, நாளுக்கு இரண்டு தரம். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோலும் போடுறதால வைத்தியர் 50 ஆக்கினவர். ஈரலில் சிலோஸ்டசோல் உடைபடுறதை ஒமெப்ரசோல் தடுக்கும். அப்ப அது இரத்தத்தில கூடி, தலையிடி, வயிற்றோட்டம், நெஞ்சுப் படபடப்பு எண்டு வரலாம். கடையில் 100தான் இருக்கெண்டு தந்தால் வைத்தியரைக் கேளாமல் மாத்தேலாது.

இதே குளிசை போடுற ஆக்கள், காலை, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி, இல்லாட்டி இரண்டு மணித்தியாலம் பிந்திப் போடுங்கோ. இதயச் செயலிழப்பு உள்ளவைக்கு அறவே கூடாது.

கடை இருக்கிற இடத்தை மட்டும் கீழே போடுங்கோ. வீட்டில மிஞ்சின குளிசை வேண்டாம்.