டிஜிட்டல் பேட்ஜ் குடுத்தா கம்பெனில மதிப்பாங்களா?

பாளை_வாத்தியார்:
அண்ணாச்சிமாரே, எங்க பாலிடெக்னிக்ல வேலை பாக்குதவங்களுக்கு சாயங்கால கோர்ஸ் நடத்துதோம், சோலார் மாட்டுதது, பிஎல்சி (மெஷின ஓட்டுத சின்ன கம்ப்யூட்டர்) இந்த மாதிரி. பேப்பர் சர்டிபிகேட்டுக்கு பதிலா டிஜிட்டல் பேட்ஜ் குடுக்கலாமான்னு யோசிக்கோம். சிப்காட்காரங்க ஒத்துக்கிடுவாங்களா?

தச்சநல்லூர்_சிஸ்டம்ஸ்:
பதிலா வேண்டாம், சர்டிபிகேட்டோட சேத்துக் குடுங்க. பேட்ஜுன்னா வெறும் படம் கிடையாது, யாரு குடுத்தா, என்ன செஞ்சதுக்கு, என்னைக்கு, ஆதாரம் எங்க இருக்குன்னு எல்லாம் அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். பயர்பாக்ஸ் பிரவுசர்காரங்க மொசில்லா 2011ல ஆரம்பிச்ச ஓப்பன் பேட்ஜஸ் ஸ்டாண்டர்டுன்னு ஒரு பொது முறை இருக்குல்லா, பேட்ஜ் குடுக்க சாப்ட்வேர் வாங்கும்போது அந்த முறையில குடுக்குமான்னு கேட்டுக்கிடுங்க, இல்லன்னா பிள்ளைங்க பேட்ஜ வேற இடத்துக்கு எடுத்துட்டு போக முடியாம அது அந்த சாப்ட்வேர்லயே மாட்டிக்கிடும்.

கங்கைகொண்டான்_எச்ஆர்:
ஆள் எடுக்குத பக்கத்துலருந்து சொல்லுதேன். கிளாஸுக்கு வந்தவங்களுக்கும் பேட்ஜ், வேலைய செஞ்சு காட்டுனவங்களுக்கும் அதே பேட்ஜ்னா எங்களுக்கு ஒண்ணும் வெளங்காது, ரெண்டு வாட்டி அப்படி பாத்துட்டா பெறவு எவனும் அந்த பேட்ஜ் லிங்க தொறக்க மாட்டான். தொறந்தா அந்தப் பையன் போட்ட வயரிங் போட்டோ, எடுத்த ரீடிங், நீங்க எத வச்சு பாஸ் போட்டீங்கன்னு தெரியணும். கோர்ஸ் போடுததுக்கு முன்னாலயே கம்பெனி சூப்பர்வைசர்மார கூப்புட்டு, என்ன தெரிஞ்சிருந்தா எடுப்பியன்னு கேளுங்க, அதையே பேட்ஜ்ல எழுதுங்க. இது ரொம்ப முக்கியம்.

வள்ளியூர்க்காரி:
காலேஜ் மெயில் ஐடிக்கு அனுப்பாதீங்க சார், கோர்ஸ் முடிஞ்சா யாரும் அத பாக்க மாட்டாங்க. சொந்த மெயிலுக்கு அனுப்பி, கடைசி கிளாஸ்லயே ரெஸ்யூம்ல, லிங்க்டின்ல சேக்க சொல்லிக் குடுங்க, வயசான ஆளுங்களுக்கு பக்கத்துல உக்காந்து சொல்லணும்.

பாளை_வாத்தியார்:
சரிம்மா, அப்படியே செய்யுதோம். எச்ஆர் அண்ணாச்சி, சூப்பர்வைசர்மார கூப்புடும்போது நீங்களும் வருவியளா?