பால் மறந்த காளைக்கன்று தேறவில்லை, விற்கலாமா?

பொகவந்தலாவை தம்பி:
எங்கள் லயத்துக் கொட்டகையில் பிரீசியன் கலப்புக் காளைக்கன்று இரண்டு நிற்கின்றன. ஐந்து மாதம். பால் மறக்கடித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இறைச்சிக்கு வளர்க்கலாம் என்று வைத்திருக்கிறோம், ஆனால் வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது, முதுகெலும்பு தெரிகிறது, முடியும் மினுமினுப்பில்லாமல் சிலிர்த்து நிற்கிறது. புல் தாராளமாகத்தான் போடுகிறோம். இப்போதே தரகரிடம் தள்ளிவிடலாமா?

தலவாக்கலை அக்கா:
தம்பி, இந்தக் கோலத்தில் விற்காதீர்கள், தரகர் கண்ணால் பார்த்துத்தான் விலை சொல்வார். வெறும் புல்லில் இந்த வயதுக் கன்று தேறாது, இரைப்பை இன்னும் முழுசாக வளரவில்லை, மழைக்காலப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர், வயிறு நிறையும் ஆனால் உடம்பில் ஒட்டாது. தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் கலந்து, கன்றுக்கு நாளைக்கு ஒரு கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். புண்ணாக்கில் ஏறத்தாழ 20 வீதம் புரதம் இருக்கிறது. முதல் நாளே முழு அளவு வேண்டாம், கழியும். முள்முருங்கை இலை கிடைத்தால் ரொம்ப நல்லது. குவாத்தமாலாப் புல்லின் முற்றிய தண்டைப் பெரிய மாட்டுக்குப் போடுங்கள். காலையில் அறுத்த புல்லை மத்தியானம் வரை வாடவிட்டுப் போடுங்கள். அப்புறம் முக்கியமாக, மருந்தடித்த தேயிலை மலையில் புல் அறுக்கவே கூடாது.

பண்டாரவளை அண்ணன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் குடலில் புழு இருந்தால் எவ்வளவு புண்ணாக்கு வைத்தாலும் வீண்தான். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே வெளிறியிருந்தாலோ தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ அநேகமாகப் புழுதான். மிருக வைத்தியர் அலுவலகத்தில் சாணத்தைச் சோதித்துவிட்டு மருந்து வாங்குங்கள். எடைக்குத் தக்கபடிதான் மருந்து, குறைத்துக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். தராசு வேண்டாம், நாடா போதும்: நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதைத் தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் றாத்தல் (பவுண்டு) கணக்கு வரும், எல்லாம் அங்குலத்தில். சுற்றளவு 40, நீளம் 36 என்றால் 192 றாத்தல், கிட்டத்தட்ட 87 கிலோ. காயடிப்பதாக இருந்தால் கன்று தேறட்டும், இப்போது தாங்காது. கால்-வாய் நோய்த் (கோமாரி) தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அங்கேயே கேளுங்கள்.

பொகவந்தலாவை தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. அப்போ விற்கவில்லை. சாணத்தைத் தரையிலிருந்து அள்ளிக்கொண்டு போகலாமா?

பண்டாரவளை அண்ணன்:
வேண்டாம், மண்ணில் உள்ள புழுவும் சேர்ந்துவிடும். கன்று சாணம் போடும்போதே பொலித்தீன் பையில் பிடித்து, காற்று இல்லாமல் கட்டி, அன்று காலையே கொடுத்துவிடுங்கள். இரண்டு கன்றுக்கும் தனித்தனிப் பை.