மான்டெவெர்டேயில் முதல் ஜிப்லைன்: பாதி வழியில் நின்றுவிட்டால்?

கேள்வி:
ஜனவரியில் கோஸ்டா ரிகா போகிறோம். மான்டெவெர்டே மேகக்காட்டில் ஜிப்லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது) போக ஆசை. இருவருக்கும் முதல் தடவை. சில இடங்களில் நம் கையாலேயே பிரேக் போட வேண்டுமாமே? மனைவியின் எடை 46 கிலோ. நடுக் கம்பியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில் 1:
கை பிரேக் உள்ள இடங்களில் உள்ளங்கையில் தடித்த தோல் வைத்துத் தைத்த கையுறை தருவார்கள். இடது கை, கம்பியில் உருளும் கப்பிக்குக் கீழே உள்ள பட்டையைப் பிடித்திருக்கட்டும். வலது கை தலைக்குப் பின்னால், கம்பியின் மேல் லேசாகப் படிந்திருந்தால் போதும். விரல்களால் கம்பியைச் சுற்றிப் பிடிக்க வேண்டாம். வேகம் குறைய, உள்ளங்கையால் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கை எப்போதும் கப்பிக்குப் பின்னால்தான். பதற்றத்தில் அது தானாக முன்னே போகும். ஓடும் சக்கரம் விரலை நசுக்கிவிடும். தாழ்வான பயிற்சிக் கம்பி இருந்தால் இதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

கைடு சைகை காட்டும்வரை அழுத்தாதீர்கள். நடுவில் நிற்பவர்களில் பலர் அவசரப்பட்டு பிரேக் போட்டவர்கள்தான்.

பதில் 2:
எடை குறைந்தவர்கள் பிரேக்கே போடாமலும் நிற்கலாம். ஜனவரியில் அங்கே காற்று பலமாக வீசும், சாரலும் இருக்கும். முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்க்காற்றின் தடை குறையும். காலைப் பரப்பினால் வேகம் போய்விடும், உடம்பும் சுழலும்.

நின்றுவிட்டால் உடனே கம்பியைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கம்பி தொய்ந்திருக்கும் இடத்துக்கு உருண்டு போய்விடுவீர்கள். பிறகு புறப்பட்ட பக்கம் முகம் திருப்பி, சேரவேண்டிய மேடைக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தலைக்குப் பின்னால் நீட்டி மாற்றி மாற்றி இழுங்கள். கப்பி உங்கள் கையை நோக்கி வரும், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முடியவில்லையா? பிடித்தபடி காத்திருங்கள், கைடு வந்து இழுத்துப்போவார். நீளமான கம்பிகளில் கைடுடன் ஜோடியாக அனுப்பச் சொல்லிக் கேட்பது மனைவிக்கு நல்லது.

பதில் 3:
கை பிரேக் பயமாக இருந்தால், மேடையிலேயே பிரேக் அமைப்பு உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி: முதல் பிரேக் தவறினால் இரண்டாவது உண்டா? குறைந்தபட்ச, அதிகபட்ச எடை என்ன? ஈரக் கம்பியில் கையுறை வழுக்கும் என்பதால் கை பிரேக்குக்கு மழை நாள் உகந்ததல்ல என்பது என் கருத்து.

ஹார்னஸின் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டைகள்) இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். கராபினர் (ஹார்னஸைக் கப்பியோடு இணைக்கும் உலோகக் கொக்கி) பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மேடையிலும் பாருங்கள். துப்பட்டா வேண்டாம், கூந்தலைக் கட்டி ஹெல்மெட்டுக்குள் செருகுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்பதை ஊரிலேயே படித்துவிடுங்கள்.