கோதம் போல ஒரு கெட்ட ஊர், ஆனால் வாவிக்கரையில்: என்ன குறைகிறது?

வாவிப்பொடியன்:
சூப்பர் ஹீரோ கொமிக்ஸ் ஒன்று வரையத் தொடங்கியிருக்கிறேன். ஊர் கற்பனைதான், ஆனால் மட்டக்களப்பின் புளியந்தீவைப் பார்த்துத்தான் வரைகிறேன்: வாவி நடுவே தீவு, பாலங்கள், ஒல்லாந்தர் கோட்டை. பேட்மேனின் கோதம் போல ஊரே பயமுறுத்த வேண்டும். மழை, இருட்டு, இடிந்த சுவர் எல்லாம் போட்டாயிற்று. பேய்ப்பட ஊராகத்தான் வருகிறது.

கல்லடி அக்கா:
தம்பி, இருட்டைக் குறையுங்கள். கோதமில் பயம் வருவது இருட்டால் இல்லை. பிடிபட்டவன் திரும்பி வருவதால். பொலிஸ் விலை போயிருக்கும், நீதிமன்றமும் விலை போயிருக்கும். 1974இல் ஆர்க்கம் மனநோய் விடுதி கதைக்குள் வந்தது. வில்லன் ஜோக்கரை அங்கே அடைப்பார்கள், அவன் தப்பி வருவான். அந்த ஓட்டைதான் ஊரின் குணம்.

எங்கள் பக்கம் அந்த ஓட்டை எங்கே? வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். மாரியில் வாவி நிரம்பினால் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதை ஒருவன் மட்டும் தீர்மானிக்கிறான் என்று வையுங்கள். யாருடைய வயல் மூழ்கும், யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்பது அவன் கையில். பணம் கொடுத்தவனின் காணி தப்பும். இப்படி ஒரு வில்லனுக்கு முகமூடியே வேண்டாம்.

இன்னொன்று. 1999இல் வந்த கோதம் கதையில், நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசாங்கம் ஊரைக் கைவிட்டுப் பாலங்களைத் தகர்த்துவிடும். பாலம் இல்லாத தீவு என்றால் என்னவென்று நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் யுத்தத்தை வெறும் பின்னணிப் படமாக ஒட்டிவிடாதீர்கள். இரவில் வாசலில் வாகனம் நின்றால் நெஞ்சு பதறியவர்கள் இதை வாசிப்பார்கள். அவர்களுக்குப் பொய்யான பயம் உடனே தெரியும்.

பழைய இதழ்:
ஊருக்குச் சொந்தப் பெயர் வையுங்கள். 1939இல் பேட்மேன் வந்தபோது அவன் ஊர் நியூயோர்க். கோதம் என்ற பெயர் பிறகுதான் வந்தது. பேட்மேன் கதைகளை எழுதிய பில் ஃபிங்கர் அதைத் தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு நகைக்கடைப் பெயராகப் பார்த்து எடுத்தார். எந்த ஊர்க்காரரும் தன் ஊர் என்று நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். மட்டக்களப்பு என்று எழுதினால் அக்கரைப்பற்றுக்காரர் தள்ளி நின்றுதான் வாசிப்பார்.

வரைவது பற்றி: கோதம் உயரமான ஊர். 1989இல் வந்த பேட்மேன் சினிமாவுக்கு அரங்க வடிவமைப்பாளர் அன்ரன் ஃபர்ஸ்ட் கட்டிய கோதமில் கட்டடங்கள் தெருவையே நெரிக்கும். நம் ஊர் தட்டை. வானம் திறந்து கிடக்கிறது, ஒளிய இடமில்லை, அக்கரையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். பயத்தை அங்கிருந்து எடுங்கள். நடுப்பகலில் வரையுங்கள்.

வாவிப்பொடியன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு முகத்துவாரத்தில் தொடங்குகிறேன், பகல் வெளிச்சத்தில். ஹீரோ தோணியில் வரட்டுமா, பாலத்தால் வரட்டுமா?

கல்லடி அக்கா:
தோணி. பாலத்தில் வில்லனின் ஆட்கள் நிற்பார்கள்.