மரைன் பிளைவுட் சரிவு இணைப்பு: எந்தக் கருவி வாங்கலாம்?

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் 14 அடி மரப்படகு வேலை. ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளைவுட், 6 மி.மீ., 8 அடி ஷீட். இரண்டு ஷீட்டை நீளவாக்கில் ஒட்ட, இரண்டின் ஓரத்தையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்கணும். 1:8 சரிவு, அதாவது 48 மி.மீ. அகலத்துக்குச் சீவணும். மூன்று வாரமாகச் சரிவின் மெல்லிய முனை பிய்ந்துகொண்டே இருக்கிறது.

82 மி.மீ. எலெக்ட்ரிக் பிளேனரில் கடைசி அடுக்கு சிராய் சிராயாகப் பெயர்கிறது. பெல்ட் சாண்டர், 80 நம்பர் உப்புத்தாள்: மெத்தென்ற அடுக்கு முதலில் தேய்ந்து பள்ளம் விழுகிறது, ஒட்டும்போது இரண்டு முகமும் படியாது. சாதா இழைப்புளிதான் நன்றாகச் சீவுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பினாலிக் பசை, 4 அடி ஓரம் முடிவதற்குள் அலகை மழுக்கிவிடுகிறது. முனைக்கு அடியில் பலகை கொடுத்து இறுக்கியும் பார்த்தாச்சு. பிய்வது குறைந்தது, நிற்கவில்லை.

ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது: தாழ்கோண பிளாக் பிளேன் (அலகு தாழ்வாகப் படுத்திருக்கும் சின்ன இழைப்புளி) வாங்குவதா, சரிவுச் சட்டத்தோடு ரவுட்டரா (சுழலும் அலகால் மரம் செதுக்கும் மின்கருவி)?